இழந்ததற்கு உருவம் தந்தவர்

அட்லாண்டிஸ் என்னும் பெருநிலம் ஒரே பகலிரவில் கடலுள் மூழ்கியதாகக் கிரேக்க அறிஞர் பிளேட்டோ எழுதினார். எவரும் கண்டிராத அந்நிலத்தை ஓவியர் எவ்வாறு வரைவார்? மலை, மாளிகை முதலிய உருவங்களை விடுத்து, கோட்டாலும் வண்ணத்தாலும் மட்டுமே அவ்விழப்பை உணர்த்தலாம். அதுவே அருவ ஓவியம். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, மையிட்டுத் தாளில் பதிக்கும் அச்சோவியக் கலையில் இதற்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர்.

1901ஆம் ஆண்டு இலண்டனில் ஓவியர் குடும்பத்தில் பிறந்த அவர், கிங்ஸ் கல்லூரியில் வேதியியலும் நிலவியலும் பயின்றார். ஈரானில் எண்ணெய் நிறுவனமொன்றில் பணியாற்றிய காலத்திலும் ஓவியத்தைக் கைவிடவில்லை. 1926இல் பாரிசில் குடியேறி, மறு ஆண்டே அச்சோவியப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1933இல் அப்பட்டறை 17ஆம் எண் கட்டடத்திற்கு மாறியதால் ‘அட்லியே 17’ எனப் பெயர் பெற்றது. பிக்காசோ, மீரோ முதலியோர் அங்கே பணி செய்தனர். இரண்டாம் உலகப்போர் மூண்டபின், 1940இல் அவர் பட்டறையை நியூயார்க்கில் நடத்தலானார்.

வண்ண அச்சோவியத்திற்கு அந்நாளில் பெரும்பாலும் நிறத்திற்கொரு தகடு தேவைப்பட்டது. தகடு சற்றே விலகினாலும் படம் சிதையும். ஒரே தகட்டில் பல நிறங்களை ஒருங்கே பதிக்க ஹேட்டர் ஓயாது முயன்றார். அந்நாளில் அவருடைய மகன் டேவிட் இளமையிலேயே காசநோயால் மறைந்தார். அம்மகனின் நினைவாக 1946இல் ‘ஐந்து உருவங்கள்’ பிறந்தது. அது மகனின் உருவப்படம் அன்று. பின்னிப் பிணைந்த கோடுகளும் மூன்று வண்ணங்களும் ஒரே தகட்டிலிருந்து ஒருசேரப் பதிந்த துயரம்.

1950இல் பாரிசு திரும்பிய ஹேட்டரின் பட்டறையில், முன்பு சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்த கிருஷ்ண ரெட்டி சேர்ந்தார். கைகோ மோதியும் உடனிருந்தார். எண்ணெய் மிகுந்த மையும் குறைந்த மையும் எளிதில் கலப்பதில்லை. எனவே, தகட்டின் மேட்டில் கடின உருளையும் பள்ளத்தில் மென்மையான உருளையும் வெவ்வேறு நிற மைகளைப் பூசின. ஒரே அழுத்தத்தில் அனைத்தும் தாளில் பதிந்தன. மையின் பாகுநிலை வண்ணங்களைப் பிரித்துவைத்தது. மாணவப் பருவத்து வேதியியல் கலைக்குக் கைகொடுத்தது.

கண்டறிந்த நுட்பங்களை ஹேட்டர் மறைத்துவைக்கவில்லை, நூலாக எழுதினார், நாடி வந்தோர்க்கெல்லாம் கற்பித்தார். 1988இல் அவர் மறைந்தபின்னும் பட்டறை வேறு பெயரில் தொடர்ந்தது. கண்ணுக்கு எட்டாத நிலமாயினும், கைவிட்டுப்போன உயிராயினும், இழந்ததை மீட்க ஓவியரால் இயலாது. ஆயினும் அவ்விழப்பிற்கு உருவம் தரலாம் என்பதை ஹேட்டரின் வாழ்வு உணர்த்துகிறது.