மூன்று பெயர்களை ஒளியில் பதித்தவர்

எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடச் சுவரில் இப்னுல் ஹைதமின் பதாகை ஒன்று தொங்குகிறது. விஞ்ஞான தினத்துக்காக நாங்கள் தொங்கவிட்டது, பிறகு கழற்றவேயில்லை. கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதில்லை, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே நாம் பார்க்கிறோம் என்று ஆயிரம் வருடங்களுக்கு முன் நிறுவியவர் அவர். ஒளியியல் பாடம் தொடங்கும்போதெல்லாம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வேன். சொல்லி முடித்ததும் பாடப்புத்தகத்தைத் திறப்பேன்.

கடந்த வருடம் தரம் 11 மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். அவனுடைய உம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். எக்ஸ்ரே என்பது நிழல் மாதிரி, அது விளங்குகிறது. எக்ஸ் கதிரே இல்லாமல் தலைக்குள் இருப்பதை எப்படிப் படமாக்குகிறார்கள் என்று கேட்டான். இப்னுல் ஹைதமுக்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்றும் கேட்டான். பரீட்சைக்கு வராது, உட்கார் என்றேன். உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் கேள்வியே கேட்கவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே கேள்வியை அடக்கக் கூடாது என்பதுதான். அந்தக் குற்ற உணர்வோடு தேடியபோதுதான் டெனிஸ் காபோர் என்ற மனிதரைச் சந்தித்தேன்.

காபோர் 1900 ஆம் ஆண்டு ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே தம்பியோடு சேர்ந்து வீட்டில் ஓர் ஆய்வுகூடம் அமைத்து, அக்காலத்தில் புதிதாக இருந்த எக்ஸ் கதிர்ப் பரிசோதனைகளைச் செய்து பார்த்தார். முதலாம் உலகப் போரில் படையில் சேர்க்கப்பட்டு இத்தாலியப் போர்முனைக்குப் போனார். பின்னர் பேர்லினில் பொறியியல் படித்து, 1927 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்த ஆய்வின்போது இலத்திரன் கற்றையைக் குவிக்கும் காந்தச் சுருள் ஒன்றையும் செய்தார். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு அது ஒரு படி தூரம்தான். அந்தப் படியை அவர் வைக்கவில்லை; சில வருடங்களில் வேறொருவர் வைத்தார்.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்த காபோரின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஊருக்குத் திரும்பி, 1934 இல் இங்கிலாந்து வந்து, ரக்பி நகரில் பிரித்தானிய தொம்சன்-ஹூஸ்டன் கம்பனியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அங்கேயும் அவர் அந்நியரானார். இரகசிய வேலைகளில் அவரைச் சேர்க்கவில்லை. பாதுகாப்பு வேலிக்கு வெளியே ஒரு குடிலில் இருந்து வேலை செய்தார்.

வேலிக்கு வெளியே இருந்தவரின் சிந்தனை நிற்கவில்லை. 1946 இல் தொடர்பாடல் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். குவாண்டம் பௌதிகவியலில், ஒரு துகளின் இடத்தையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் மிகத் துல்லியமாக அறிய முடியாது என்ற கணிதம் இருக்கிறது. அதே கணிதத்தைக் காபோர் ஒலிக்கும் சமிக்ஞைக்கும் பொருத்திக் காட்டினார். 1980களில் மூளையின் பார்வைப் பகுதியை ஆராய்ந்தவர்கள், அங்குள்ள சில நரம்புக் கலங்களின் செயற்பாடு காபோர் எழுதிய அந்தக் கணித வடிவத்தோடு நெருக்கமாகப் பொருந்துவதைக் கண்டார்கள். நாம் ஒரு முகத்தின் விளிம்பைப் பார்க்கும்போது மூளைக்குள் நடப்பதை விளக்க இன்று அவருடைய பெயரால் அழைக்கப்படும் சார்புகள் பயன்படுகின்றன.

1947 ஆம் ஆண்டு, ஒரு விடுமுறை நாள். டென்னிஸ் விளையாடத் தன் முறைக்காக வாங்கில் காத்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. அக்கால இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வில்லைகளில் குறை இருந்தது. வில்லையைத் திருத்த முடியாவிட்டால், படம் குறையோடு இருந்தாலும் பரவாயில்லை, அதில் முழுத் தகவலும் இருந்தால் பிறகு ஒளியைக் கொண்டு திருத்தலாமே என்று யோசித்தார்.

சாதாரணப் புகைப்படம் வெளிச்சத்தின் அளவை மட்டுமே பதிவு செய்கிறது. ஒளி ஓர் அலை. அது முகடாக வந்ததா, தாழியாக வந்ததா என்ற தகவல் தொலைந்துவிடுகிறது. பொருளின் ஆழமும் தூரமும் அந்தத் தொலைந்த பாதியில்தான் இருக்கின்றன. பொருளிலிருந்து வரும் அலையோடு, பொருளைத் தொடாத இன்னோர் அலையைக் காபோர் மோதவிட்டார். இரண்டும் கூடியும் குறைந்தும் உண்டாக்கும் கோலத்தில் இரண்டு பாதிகளும் பதிந்தன. அந்தக் கோலத்தின்மீது மீண்டும் ஒளி பாய்ச்சினால் பழைய அலை உயிர் பெறுகிறது. முழுமை என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு ஹொலோகிராம் என்று பெயர் வைத்தார்.

என்னை நிறுத்திய இடம் இதுதான். முதல் பரிசோதனைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறிய ஓர் எழுத்துப் படம். அதில் இருந்தவை மூன்று பெயர்கள்: ஹைகன்ஸ், யங், பிரெனல். ஒளி ஓர் அலை என்பதை நிலைநாட்டிய, நூறு வருடங்களுக்கு மேலாகவே மண்ணுக்குள் இருந்த முன்னோர்கள். அவர்களுடைய பெயர்களைச் சுவரில் தொங்கவிடாமல், அவர்கள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிய பரிசோதனைக்குள்ளேயே வைத்தார்.

ஆனால் காலம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பாதரச விளக்கின் ஒளி போதவில்லை. படம் மங்கலாக, இரட்டை உருவத்தோடு வந்தது. 1950களின் நடுவில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. 1960 இல் லேசர் வந்தது. அமெரிக்காவில் லீத், உபட்னீக்ஸ் என்ற இருவர் லேசரைக் கொண்டு 1964 இல் ஒரு பொம்மை ரயிலை முப்பரிமாணத்தில் காட்டினார்கள். அதற்குள் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராகியிருந்த காபோருக்கு 1971 இல் நோபல் பரிசு கிடைத்தது. டென்னிஸ் மைதான வாங்கிலிருந்து அந்த மேடைக்கு இருபத்து நான்கு வருடங்கள்.

1974 இல் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவு, அவருடைய வாசிக்கும் எழுதும் ஆற்றலைப் பறித்தது. பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. அறிவும் செவியும் தெளிவாகவே இருந்தன. மனிதன் எப்படிப் பார்க்கிறான் என்பதை விளக்க உதவியவரின் கண்முன் எழுத்து இருந்தும் அவரால் வாசிக்க முடியவில்லை. 1979 பெப்ரவரியில் காலமானார்.

எம்.ஆர்.ஐ. காபோரின் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் உறவு இருக்கிறது. பலமான காந்தப்புலத்தில் நம் உடலின் ஐதரசன் கருக்கள் வானொலி அலைக்குப் பதில் தருகின்றன. அதற்குக் காரணமான கருவின் சுழற்சி ஒரு குவாண்டம் இயல்பு. இயந்திரம் படத்தைப் புள்ளி புள்ளியாக எடுப்பதில்லை. அது சேகரிக்கும் ஒவ்வோர் அளவீட்டிலும் முழுப் படத்தின் பங்கு இருக்கிறது. கணிதம்தான் பிறகு உருவத்தை மீட்டெடுக்கிறது. அங்கேயும் அலையின் முகடு தாழித் தகவலைத் தொலைத்தால் படம் இல்லை. ஹொலோகிராபியை நேரடியாகப் பயன்படுத்தும் நுணுக்குக்காட்டிகள் இன்று செங்குருதிக் கலங்களைச் சாயம் பூசாமலே அளக்கின்றன. 2021 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர், ஒன்றோடொன்று பின்னிய ஒளித்துகள் சோடிகளைக் கொண்டு குவாண்டம் ஹொலோகிராம் எடுத்துக் காட்டினார்கள். வேலை இன்னும் தொடர்கிறது.

நம் சமூகத்தில் முன்னோரின் விஞ்ஞானப் பெருமையைப் பேசாத மேடை இல்லை. நானும் பேசியவன்தான். ஆனால் பெயரைச் சொல்லிவிட்டு, பிள்ளையின் கேள்வியை உட்காரவைத்தால் அந்தப் பெருமை வெறும் பதாகை. இப்னுல் ஹைதம் கேள்வி கேட்டதால்தான் இப்னுல் ஹைதம் ஆனார்.

அடுத்த தவணையின் முதல் நாள் அந்த மாணவனின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். அன்று உட்கார் என்று சொன்னது என் பிழை என்று வகுப்பு முன்னால் சொல்லிவிட்டு, எனக்கு விளங்கிய அளவு விளக்கினேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கையை உயர்த்தி இன்னொரு கேள்வி கேட்டான். அதற்கு எனக்கு விடை தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.