கழற்றிப் பார்த்த மனிதர் ஜி.டி.நாயுடு

மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், நரிக்குடி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். கவிதை வராது, கதை வராது, வேண்டுமானால் ஒரு மெக்கானிக்கைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். எங்க ஊர் ஆள் யாரையோ சொல்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். நான் எழுத வந்தது ஜி.டி.நாயுடுவைப் பற்றி. விஞ்ஞானி, தொழிலதிபர், அதிசய மனிதர் என்று எத்தனையோ பட்டம் அவருக்கு உண்டு. ஆனாலும் எனக்கு அவர் முதலில் மெக்கானிக்தான். ஏன் என்பதைச் சொல்ல எங்க ஊரிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி தாண்டி வந்தால் நரிக்குடி. மானம் பார்த்த பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேல மரம். அந்தச் சாலையோரத்தில் என் தாய்மாமா ஒரு தகரக் கொட்டகையில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அங்கே வருவதில் பாதிக்கு மேல் பழைய டி.வி.எஸ். 50. கரிமூட்டை, தண்ணீர்க் குடம், ஆட்டுக்குட்டி, வைக்கோல் கட்டு எல்லாவற்றையும் சுமந்து சுமந்து மூச்சு வாங்கும் வண்டிகள். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் ஆயிலும் சேர்ந்தே எரியும், சைலன்ஸரிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் கரி அப்பிக்கொள்ளும். கரியைச் சுரண்டி, பிளக்கைத் துடைத்து, ஜெட்டை ஊதி விட்டால் வண்டி மறுபடியும் ஓடும்.

ஒன்பதாம் வகுப்பு கோடை விடுமுறையில் மாமா சாப்பிடப் போன நேரத்தில், நானே ஒரு கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினேன். டேப்பைத் திறந்தால் பெட்ரோல் நிற்காமல் வழிகிறது. வண்டிக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்கிறார். எனக்குக் கை நடுங்கிப் போச்சு. மாமா வந்து பார்த்தார், திட்டவில்லை. டீயை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடி கழற்றச் சொன்னார். கழுவுகிற டப்பாவின் அடியில் ஃப்ளோட் நீடில் கிடந்தது. அதை விட்டுவிட்டு மாட்டியிருக்கிறேன்! அது இல்லாவிட்டால் பெட்ரோலை யார் நிறுத்துவது? அன்றிலிருந்து சாக்கை விரித்து, கழற்றிய வரிசையிலேயே சாமான்களை அடுக்கி வைப்பேன்.

இனி நாயுடுவுக்கு வருவோம். கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தவர். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். பள்ளிக்கூடம் என்றால் அவருக்கு வேப்பங்காய். வாத்தியார் மேல் மண்ணை வாரி இறைத்தார் என்றுகூடச் சொல்வார்கள். தொடக்கப் பள்ளிக்கு மேல் அவர் படிக்கவில்லை. ஆனால் படிப்பை விட்டவர் புத்தகத்தை விடவில்லை. தோட்டத்துக் காவலுக்கு அனுப்பினால் அங்கேயும் உட்கார்ந்து வாசிப்பாராம்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஊர்ப்பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் வண்டி வழியில் நின்றுபோனது. துடைக்கத் துணியும் கழுவ மண்ணெண்ணெயும் கேட்ட அதிகாரிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, துரைசாமி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கதை. மாடும் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டியை அந்தக் கிராமத்துப் பிள்ளை அதற்கு முன் பார்த்ததில்லை. எத்தனையோ பேர் வேடிக்கை பார்த்திருப்பார்கள், சாயங்காலத்துக்குள் மறந்தும் இருப்பார்கள். இவர் மறக்கவில்லை. ஊரை விட்டுக் கிளம்பி, கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்து, அதே அதிகாரியிடம் போய் அதே வண்டியை 300 ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஊரைச் சுற்றவில்லை. வண்டியை நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டார்! மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. அந்தக் காலத்து ரட்ஜ் வண்டிக்கு ஒற்றை சிலிண்டர். பாட்டரி கிடையாது, மாக்னெட்டோதான் பொறி கொடுக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு பெல்ட் டிரைவ். மாக்னெட்டோவின் டைமிங் கொஞ்சம் தப்பினாலும் வண்டி உதைக்கும், இல்லையென்றால் கிளம்பவே கிளம்பாது. அதை ஒருவர் தன் கையாலேயே தப்புப் பண்ணிப் பண்ணிக் கண்டுபிடித்தார் என்றால், ஓட்டலில் எச்சில் இலை எடுத்துச் சேர்த்த பணம் முழுவதையும் அந்தச் சாக்கின் மேல் பரப்பி வைத்தார் என்றுதான் அர்த்தம். மாட்டத் தெரியாமல் போயிருந்தால் 300 ரூபாயும் இரும்பு விலைக்குப் போயிருக்கும். ஃப்ளோட் நீடிலைத் தொலைத்தவனுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் புரியும்.

நடுவில் பருத்தி வியாபாரம். திருப்பூரில் முதல் உலகப் போர்க் காலத்தில் நன்றாகவே சம்பாதித்தார். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய், பஞ்சு வியாபாரத்திலேயே அத்தனையும் தொலைத்துவிட்டுத் திரும்பினார். பருத்தியில் வந்தது பருத்தியிலேயே போனது என்பதை எங்கள் கரிசல்காட்டுச் சம்சாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

கையில் காசில்லாத அந்த மனிதரிடம் வண்டியைப் பற்றிய அறிவு மட்டும் மிச்சமிருந்தது. அதை நம்பியவர் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவர் கொடுத்த கடனுதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கினார் நாயுடு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டம். டிரைவரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். என்று பெயர் பெற்ற அவரது நிறுவனம் 1933 வாக்கில் சுமார் 280 வாகனங்களை வைத்திருந்தது. நேரம் தவறாமல் வருகிற பஸ் என்று அதற்குப் பெயர். பஸ் நேரத்துக்கு வருவது டிரைவர் கையில் மட்டும் இல்லை நண்பர்களே, ராத்திரி பட்டறையில் அடியில் படுத்து கிரீஸ் அடிக்கிறவன் கையிலும் இருக்கிறது. தானே அடியில் படுத்த முதலாளிக்கு அது தெரியும்.

அப்புறம் அவர் செய்தவை ஏராளம். சவரக் கத்திக்குச் சின்ன மோட்டார் வைத்து 'ரசாந்த்' என்ற மின்சார ரேசர். மிக மெல்லிய பிளேடு, பழரசம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம் எனப் பட்டியல் நீளும். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டாரைக் கொண்டுவந்தார். கோவை மோட்டாரும் பம்புசெட்டும் பின்னால் நாடெங்கும் போனதற்கு அதுவே பிள்ளையார் சுழி என்றால் மிகையாகாது. 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகிற சின்னக் கார் ஒன்றை உருவாக்கினார். அதைத் தயாரித்து விற்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. கார் அத்தோடு நின்றது.

நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களுக்கு அவரோடு நெருங்கிய சொந்தம் ஒன்று இருக்கிறது. 1944-ல் மோட்டார் தொழிலிலிருந்து விலகிய நாயுடு, அடுத்த ஆண்டே தமது கொடையால் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கையும் ஒரு பொறியியல் கல்லூரியையும் தொடங்க வைத்தார். அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. தொடங்கிய வேகத்திலேயே சண்டையும் வந்தது. பொறியியல் படிக்க நான்கு வருஷம் எதற்கு, இரண்டே வருஷம் போதும், மிச்சக் காலம் வீண் என்பது அவர் கட்சி. வெள்ளைக்கார அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பொறுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார்.

இந்த விஷயத்தில் என்னால் முழுசாக அவர் பக்கம் சாய முடியவில்லை. எங்க மாமா இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பிஸ்டன் ரிங் போச்சு என்று சொல்லிவிடுவார். ஆனால் 2015-க்கு அப்புறம் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தபோது, வால்வு கிளியரன்ஸ் எதற்கு வைக்கிறார்கள், சூட்டில் உலோகம் எவ்வளவு விரியும் என்பதை நான்தான் புத்தகத்தைக் காட்டிச் சொன்னேன். அதற்குப் பாடம் வேண்டும், நேரமும் வேண்டும். நாயுடுவுக்கு அவசரம் அதிகம். இந்தப் பக்கம் நம் யோக்கியதை என்ன? ஒருவன் எழுதிய ரெக்கார்டு நோட்டைப் பத்துப் பேர் பார்த்து எழுதுகிறோம். வால்வு டைமிங் படத்தைக் கலர் பென்சிலில் வரைகிறோம், வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தவன் பாதிப்பேர் இல்லை. மூன்று வருஷத்தில் ஒரு இன்ஜினைக்கூடத் தனியாகக் கழற்றி மாட்டாமல் வெளியே போகிறவன் நம் ஹாஸ்டலில் இருக்கிறான். நாயுடு வந்து பார்த்தால் இரண்டு வருஷமே ஜாஸ்தி என்பார்.

1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரில் தொழிற்காட்சியகமும் கார் அருங்காட்சியகமும் உள்ளன. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயரே. அடுத்த வருஷம் தொழிற்சாலைச் சுற்றுலா என்று சங்கம் திட்டமிட்டால் கோவையைச் சேர்த்துக்கொள்ளும்படி தம்பிமார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். கையில் ஒரு கிளட்ச் பிளேட்டை வைத்துக்கொண்டே முழுசும் கேட்டார். அந்த ரட்ஜ் வண்டிக்குச் செயினா, பெல்ட்டா என்று மட்டும் கேட்டார். பெல்ட் என்றேன். மழையில் வழுக்குமே மாப்ளே, அதுக்கு அவர் என்ன பண்ணினார் என்றார்.