கொடுக்கக் கற்பித்த சர் சையது அகமது கான்

படிப்புக்கு உதவி கேட்டு நம் சங்கத்தின் வாசலுக்கு வந்த பிள்ளைகளை நாம் வெறுங்கையோடு அனுப்ப விரும்பியதில்லை. ஐம்பது ஆண்டுகளாகச் சந்தா கொடுத்தவர்களும் கடை கடையாக ஏறி இறங்கி வசூல் செய்தவர்களும் இதற்குச் சாட்சி. ஆனால் உதவி பெற்ற பிள்ளைகளுக்கு, பிறருக்கு உதவி செய்யும் வேலையை நாம் எப்போதாவது கற்றுக்கொடுத்தோமா? பொன்விழா காணும் இவ்வேளையில் இக்கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு விடை தேடும்போது அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையது அகமது கான் அவர்களின் வாழ்க்கை நமக்கு வழிகாட்டுகிறது.

அன்னார் 1817 அக்டோபர் 17 அன்று தில்லியில், மொகலாய அரண்மனையோடு தொடர்புள்ள குடும்பத்தில் பிறந்தார். அவரை வளர்த்து ஆளாக்கியவர் தாயார் அஜீஸுன்னிஸா பேகம். வீட்டுக்கு வரும் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கை அம்மையார் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவார். விதவைகளுக்கும் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கும் அந்தப் பணம் போய்ச் சேரும். மிஞ்சியதைக் கொடுப்போம் என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது.

ஆதரவற்ற மூதாட்டி ஒருவரை அம்மையார் தம் பராமரிப்பில் வைத்திருந்தார். ஒரு சமயம் இருவருக்கும் ஒரே நோய் வந்தது. மருத்துவர் கொடுத்த விலை உயர்ந்த மருந்தோ ஒருவருக்கு மட்டுமே போதுமானது. அம்மையார் அதைத் தாம் உண்ணாமல் மூதாட்டிக்கே கொடுத்துவிட்டார். இறைவன் அருளால் இருவரும் நலம் பெற்றனர். இதே தாயார், சிறுவனாக இருந்த மகன் வயதான வேலைக்காரர் ஒருவரை அடித்துவிட்டான் என்று அறிந்ததும், அவனை வீட்டைவிட்டே வெளியேற்றினார். வேலைக்காரரிடம் அவன் மன்னிப்புக் கேட்ட பிறகே உள்ளே சேர்த்துக்கொண்டார். ஏழைக்குக் கொடுப்பதும் ஏழையை மதிப்பதும் ஒரே பாடம் என்பது பிள்ளைக்கு அந்த வயதிலேயே பதிந்தது.

தந்தை இறந்தபின் அவர் ஆங்கிலக் கம்பெனியின் நீதிமன்றப் பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1857 கிளர்ச்சியின்போது பிஜ்னோரில் பணியில் இருந்தார். தில்லி வீழ்ந்தபின் தாயாரைத் தேடிச் சென்றபோது, குதிரைக்கு வைத்திருந்த தானியத்தைத் தின்று அவர் உயிர் பிடித்திருப்பதைக் கண்டார். மீரட்டுக்கு அழைத்துச் சென்றும் பயனில்லை. அதே ஆண்டில் அம்மையார் காலமானார். மூன்றாண்டுகள் கழித்து முராதாபாத் பகுதியில் பஞ்சம் வந்தபோது நிவாரணப் பொறுப்பு சையது அகமது கானிடம் வந்தது. பசித்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் சாதி மத வேறுபாடு பாராமல் அவரே முன்நின்று பணி செய்தார். தாயாரிடம் பார்த்துக் கற்றதுதான் அங்கே வேலை செய்தது.

1869ல் இங்கிலாந்து சென்று அங்குள்ள கல்விக்கூடங்களைப் பார்த்தார். நம் சமுதாயத்துக்கும் அப்படியொரு கல்லூரி வேண்டும் என்ற உறுதியோடு மறு ஆண்டு திரும்பினார். 1875ல் அலிகாரில் பள்ளி தொடங்கியது. 1877 ஜனவரியில் கல்லூரிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

பணம்? அதற்காக அவர் செய்யாத வேலையில்லை. விருந்து வைக்க வந்த நண்பர்களிடம், விருந்துக்கு ஆகும் செலவைக் கல்லூரிக்குத் தந்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கினார். கண்காட்சியில் புத்தகக் கடை போட்டு விற்றார். வயது முதிர்ந்த காலத்தில், கௌரவம் பாராமல் மேடையேறிப் பாடியும் பணம் திரட்டினார். அவருடைய கருத்துகளை ஏற்காதவர்கள் மார்க்கத் தீர்ப்பு வாங்கி எதிர்த்தபோதும் அவர் சளைக்கவில்லை. முஸ்லிம்களும் கொடுத்தார்கள், இந்துக்களும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லூரிச் சுவர்களில் பொறிக்கப்பட்டன. அங்கிருந்து முதலில் பட்டம் பெற்றவர் ஓர் இந்து மாணவரே.

இதையெல்லாம் மாணவர்கள் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1890ல் அவர்களில் ஒருவரான சாஹிப்சாதா அஃப்தாப் அகமது கான், சக மாணவர்களைச் சேர்த்து அஞ்சுமன் அல் ஃபர்ள் என்ற அமைப்பைத் தொடங்கினார். கடமைச் சங்கம் என்று பொருள். தருமம் என்றோ கருணை என்றோ பெயர் வைக்காமல் கடமை என்று வைத்ததை நாம் கவனிக்க வேண்டும்.

ஏழை மாணவர்களின் படிப்புச் செலவுக்கு நிதி சேர்ப்பதே அதன் வேலை. விடுமுறை வந்தால் மாணவர்கள் குழுவாகப் பிரிந்து ஊர் ஊராகச் சென்றார்கள். சின்னஞ்சிறு தொகையையும் தட்டாமல் வாங்கினார்கள். பொருள்களை விற்று லாபத்தை நிதியில் சேர்த்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்நியர் வாசலில் நின்று கை நீட்டினார்கள். சிலர் கொடுத்தார்கள், சிலர் திருப்பி அனுப்பினார்கள். தமக்காக அல்லாமல், தம் வகுப்பில் அருகில் அமர்ந்திருக்கும் ஏழை மாணவனுக்காகக் கேட்கிறோம் என்பதால் அந்த அவமானம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உதவி பெற்றவரும் சம்பாதிக்கத் தொடங்கியதும் திருப்பிச் செலுத்தி, அடுத்து வருபவருக்குக் கைகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

சர் சையது அவர்களின் வாழ்வில் ஒரு பெரும் அடியும் விழுந்தது. கல்லூரி அலுவலகத்தின் தலைமை எழுத்தர் 1 லட்ச ரூபாய்க்கும் மேல் கையாடியிருப்பது 1895ல் வெளிப்பட்டது. செயலாளராக இருந்த அன்னார் அந்த ஊழியரை முழுமையாக நம்பியிருந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் போனது அவரை உருக்குலைத்தது. நம்மைப்போல் பொதுப்பணம் கையாளும் ஒவ்வொரு சங்கமும் இதை மறக்கக்கூடாது. கொடுக்கக் கற்றுக்கொடுக்கும்போதே கணக்கு எழுதவும், எழுதிய கணக்கைப் பிறர் முன் வைக்கவும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும்.

1898 மார்ச் 27 அன்று அன்னார் காலமானார். கல்லூரிப் பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய கல்லூரி 1920ல் பல்கலைக்கழகமாயிற்று. கடமைச் சங்கத்தைத் தொடங்கிய அந்த மாணவர் பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். சர் சையது தொடங்கிவைத்த முஸ்லிம் கல்வி மாநாடு 1901ல் சென்னையில் கூடியது. அதைத் தொடர்ந்து 1902ல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. அச்சங்கம்தான் 1951ல் சென்னையில் புதுக்கல்லூரியை நிறுவியது. அலிகாரில் மூட்டிய விளக்கின் வெளிச்சம் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வரை வந்து சேர்ந்த கதை இது.

நாம் என்ன செய்யப் போகிறோம்? நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் நம் பிள்ளைகள் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கிறார்கள். கஞ்சிக்கு அரிசி யார் கொடுத்தது, எத்தனை வெள்ளி செலவாயிற்று, இன்னும் யார் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று அவர்களை நாம் விசாரிக்க வைத்ததில்லை. இனி ஒரு சிறு நிதியையாவது மாணவர்கள் கையிலேயே ஒப்படைப்போம். அவர்களே உண்டியல் ஏந்தட்டும், யாருக்குக் கொடுப்பது என்று அவர்களே கூடிப் பேசட்டும், ஆண்டுக் கூட்டத்தில் நம்முன் நின்று அவர்களே கணக்கு வாசிக்கட்டும். தவறு செய்தால் பக்கத்தில் நின்று திருத்துவோம். இன்ஷா அல்லாஹ், இச்சங்கத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுகளை அவர்கள்தான் சுமக்கப் போகிறார்கள்.