வெந்நீர் குடிக்கச் சொன்ன வள்ளலார்

வடலூரில் ஓர் அடுப்பு இருக்கிறது.

1867-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி அதில் தீ மூட்டினார்கள். அந்தத் தீ இன்று வரை அணையவில்லை. 150 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சோறு வெந்து கொண்டே இருக்கிறது. பசி என்று வந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு அங்கே உணவு உண்டு. என்ன சாதி, என்ன மதம், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தத் தருமசாலையை நிறுவியவர் ராமலிங்க அடிகள். வள்ளலார் என்று நாடு அவரைப் போற்றுகிறது.

சோறு போட்ட வள்ளலாரை எல்லோருக்கும் தெரியும். தண்ணீரைப் பற்றி அவர் சொன்னது பலருக்குத் தெரியாது. பச்சைத் தண்ணீரைக் குடிக்காமல், காய்ச்சிய வெந்நீரையே குடிக்க வேண்டும் என்பது அவர் தம் அன்பர்களுக்கு வகுத்துக் கொடுத்த வழி.

மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்து பண்ருட்டிக்குப் போய், அங்கிருந்து தெற்கே திரும்பினால் நெய்வேலி வரும். அதைத் தாண்டினால் வடலூர். வள்ளலார் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இந்தச் சீமையில்தான்.

மருதூரில் பிறந்தார்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் ராமையா பிள்ளை என்பவர் கிராமக் கணக்கராக இருந்தார். அவருடைய மனைவி சின்னம்மையார். இவர்களுக்கு ஐந்தாவது குழந்தையாக 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி ராமலிங்கம் பிறந்தார்.

குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் தந்தை இறந்து போனார். ஐந்து குழந்தைகளோடு சின்னம்மையார் தவித்தார். பொன்னேரி பக்கத்தில் உள்ள சின்னக்காவணம் என்ற தம் பிறந்த ஊருக்குப் போனார். பிறகு அங்கிருந்து சென்னைப் பட்டணம் வந்து சேர்ந்தார்.

மூத்த மகன் சபாபதி படித்தவர். புராணச் சொற்பொழிவு செய்து வந்த வருமானத்தில் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

ஏழு கிணறு

அவர்கள் குடியிருந்த வீடு ஏழு கிணறு பகுதியில், வீராசாமி பிள்ளை தெருவில் இருந்தது.

ஏழு கிணறு என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர்களின் கோட்டைக்கு நல்ல தண்ணீர் இல்லை. 1772-ம் ஆண்டில் கேப்டன் பேக்கர் என்பவர் வடக்கே இந்த இடத்தில் கிணறுகள் தோண்டினார். தோண்டியவை பத்து. நிலைத்தவை ஏழு. அந்தக் கிணறுகளின் தண்ணீர் குழாய் வழியாகக் கோட்டைக்குப் போயிற்று.

கோட்டைக்குள் இருந்தவர்களுக்குக் காவல் போட்ட கிணறு. ஊரில் இருந்த ஏழைகளுக்கோ வீட்டுக் கிணறும் தெருக் குளமும்தான். குளிப்பது, துணி துவைப்பது, குடிப்பது எல்லாம் பல இடங்களில் ஒரே குளத்தில் நடந்தது. வாந்திபேதி வந்தால் தெருவையே வாரிக்கொண்டு போகும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் பிணமாவார். இந்த நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்றுதான் அந்நாளில் பெரிய மருத்துவர்களே நம்பினார்கள்.

அந்தப் பட்டணத்தில்தான் சிறுவன் ராமலிங்கம் வளர்ந்தார்.

அண்ணி இட்ட சோறு

தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துப் பெரிய பண்டிதர் ஆக வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். தம்பிக்கோ படிப்பில் மனம் செல்லவில்லை. கந்தகோட்டத்துக்குப் போய் முருகன் சந்நிதியில் நின்று பாடிக் கொண்டிருப்பார்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. இனி இவனுக்குச் சோறு போடக் கூடாது என்று மனைவிக்குக் கட்டளை இட்டார்.

அண்ணியார் மனம் கேட்கவில்லை. கணவர் இல்லாத நேரம் பார்த்துக் கொழுந்தனைக் கொல்லைப்புறமாக வரச் சொல்லுவார். ஒளித்து வைத்த சோற்றைப் பரிமாறுவார். ஒரு நாள் தாங்க முடியாமல் கண்ணீர் விட்டு அழுதார். நீ வீட்டில் இருந்து படித்தால் இப்படித் திருட்டுத்தனமாகச் சாப்பிட வேண்டாமே என்று கெஞ்சினார்.

அண்ணியின் கண்ணீர் சிறுவனை உருக்கியது. வீட்டு மாடியில் ஓர் அறை கேட்டார். ஒரு கண்ணாடியும் விளக்கும் வைத்துக் கொண்டார். அங்கே படிப்பும் தியானமும் தொடங்கின. சில ஆண்டுகளில், அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத நாளில், அவருக்குப் பதிலாகப் போய்ப் பெரிய புராணம் சொன்னார். கேட்டவர்கள் வியந்து போனார்கள்.

பசி என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர் அல்லர் வள்ளலார். சொந்த வீட்டு வாசலிலேயே பசித்து நின்றவர். பிற்காலத்தில் அவர் செய்த காரியத்துக்கு அங்கேயே வித்து விழுந்து விட்டது.

கருங்குழி வாசம்

1850-ம் ஆண்டில் உறவினர் வற்புறுத்தலால் தம் அக்காள் மகள் தனக்கோடியை மணந்தார். ஆனாலும் இல்லறத்தில் மனம் ஒட்டவில்லை. 1858-ம் ஆண்டு வாக்கில் சென்னையை விட்டுத் தெற்கே புறப்பட்டார்.

சிதம்பரம் சென்று வழிபட்டார். பிறகு வடலூருக்குப் பக்கத்தில் உள்ள கருங்குழி என்ற சிற்றூரில், வேங்கட ரெட்டியார் வீட்டில் பல ஆண்டுகள் தங்கினார். அருட்பாக்களில் மிகுதியானவை அங்கே எழுந்தன.

அந்த வீட்டைப் பற்றி அன்பர்கள் ஒரு கதை சொல்வார்கள். புது மண்பானையைப் பழக்குவதற்காக வீட்டு அம்மையார் அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். இரவில் விளக்கு மங்கியது. எண்ணெய் என்று எண்ணி வள்ளலார் அந்தத் தண்ணீரை விளக்கில் ஊற்றினார். விடிய விடிய விளக்கு எரிந்ததாம். கருங்குழிக்குப் போகிறவர்கள் இன்றும் அந்த அறையைப் பார்த்து வணங்குகிறார்கள்.

ஏழு துன்பங்கள்

உயிர்களுக்கு வரும் துன்பங்களை வள்ளலார் ஏழாகப் பிரித்தார். பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்பவை அவை. இவற்றை நீக்குவதே ஜீவகாருண்யம் என்று போதித்தார். அதுவே கடவுளை அடையும் வழி என்றார்.

பசியோடு தாகத்தையும் பிணியையும் அவர் சேர்த்திருப்பது குறிப்பிடத்தக்கது. மூன்றும் ஒரே குடிசையில் வாழ்பவை. நல்ல சோறு இல்லாதவன் வீட்டில் நல்ல தண்ணீரும் இருக்காது. நல்ல தண்ணீர் இல்லாத வீட்டில் நோய் இருக்கும்.

1865-ம் ஆண்டில் சன்மார்க்க சங்கத்தை ஏற்படுத்தினார். இரண்டு ஆண்டுக்குப் பிறகு வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் கிராமத்து மக்கள் அதற்காக 80 காணி நிலம் கொடுத்தார்கள். தீ மூட்டிய நாள் முதல் வந்தவர்க்கெல்லாம் சோறு கிடைத்தது.

வெந்நீர்

அன்றாடம் எப்படி வாழ வேண்டும் என்பதற்கும் வள்ளலார் வழி சொன்னார். பொழுது விடியும் முன் எழ வேண்டும். அளவாக உண்ண வேண்டும். அளவாக உறங்க வேண்டும். புலால் கூடாது. கரிசலாங்கண்ணி, தூதுவளை போன்ற மூலிகைகளை உணவாகக் கொள்ள வேண்டும். குளிக்க இளஞ்சூடான நீர் வேண்டும். குடிப்பதற்கும் வெந்நீரே வேண்டும்.

அவர் மூலிகைகளின் குணம் அறிந்தவர். உடம்பைப் பாதுகாக்கும் முறையாகவே வெந்நீரைச் சொன்னார். ஆனால் அந்த ஒரு பழக்கம் எத்தனை உயிரைக் காக்கும் என்பதை உலகம் அப்போதுதான் கண்டுபிடிக்கத் தொடங்கி இருந்தது.

லண்டன் நகரில் 1854-ம் ஆண்டில் ஒரே வட்டாரத்தில் சில வாரங்களுக்குள் 600-க்கும் மேற்பட்டவர்கள் காலராவால் மாண்டார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அந்தக் கைப்பம்பின் பிடியைக் கழற்ற வைத்தார். பக்கத்து வீட்டுக் கழிவுக் குழி அந்தக் கிணற்றுக்குள் கசிந்தது பிறகு தெரிய வந்தது. அப்படி இருந்தும், நோய் தண்ணீரால் வருகிறது என்பதைப் பெரிய அதிகாரிகள் ஏற்கவில்லை.

ஜெர்மன் அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, நோயாளிகளின் குடலிலும் குளத்துத் தண்ணீரிலும் காலராக் கிருமி இருப்பதைக் காட்டியது 1884-ம் ஆண்டின் தொடக்கத்தில். வள்ளலார் மறைந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகி விட்டன.

கிருமியைக் கண்ணாடியில் பார்க்காமலே, கிருமியைக் கொல்லும் பழக்கத்தை அவர் தென்னார்க்காட்டு மக்களுக்குச் சொல்லி விட்டுப் போயிருந்தார்.

சித்தி வளாகம்

1870-ல் வள்ளலார் மேட்டுக்குப்பத்துக்குப் போனார். அங்கே அவர் தங்கிய இல்லத்துக்குச் சித்தி வளாகம் என்று பெயர்.

1872-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி வடலூரில் சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. அதே 1872-ல்தான் செங்குன்றம் ஏரித் தண்ணீர் சென்னைப் பட்டணத்துக்கு வந்தது. ஆனால் திறந்த கால்வாயில், வடிகட்டாமல் வந்தது. வடிகட்டிய தண்ணீர் சென்னைக்குக் கிடைக்க 1914 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடைசி நாட்களில் வள்ளலாருக்கு மனவருத்தம் இருந்தது. தாம் சொன்னதைக் கேட்டு நடப்பவர்கள் குறைவு என்று வருந்தினார். 1873 அக்டோபரில் கொடி ஏற்றி, அன்பர்களுக்கு நீண்ட உபதேசம் செய்தார். பிறகு உள்ளே இருந்த விளக்கை வெளியே கொண்டு வந்து வைத்து, அதை வழிபடச் சொன்னார்.

1874-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டார். அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை. அவர் ஒளியில் கலந்து விட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அப்போது அவருக்கு வயது 50.

இரண்டே ஆண்டில் பஞ்சம்

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1878 வரை சென்னை ராஜதானி முழுவதும் மக்கள் செத்து விழுந்தார்கள். பசியால் மாண்டவர்கள் ஒரு பக்கம். வற்றிய குளத்தின் கலங்கல் நீரைக் குடித்துக் காலராவால் மாண்டவர்கள் இன்னொரு பக்கம்.

பசியும் தாகமும் பிணியும் கை கோத்து வரும் என்பதை அந்தப் பஞ்சம் காட்டி விட்டது. வடலூர் அடுப்பு மட்டும் எரிந்து கொண்டே இருந்தது.

வீட்டுப் பானை

காலம் மாறியது. 1957-ல் நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெருந்தண்ணீர் அழுத்தத்தோடு பொங்கியது. இரவு பகலாக அதை இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும் என்ற நிலை. தண்ணீருக்குத் தவித்த சீமையின் காலடியில் அவ்வளவு தண்ணீர் இருந்தது!

இப்போது சிற்றூர்களிலும் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் குழாயும் வந்து விட்டன. ஆயினும் ஆபத்து முழுவதும் நீங்கவில்லை. பூமிக்குள் சுத்தமாக இருக்கும் தண்ணீர், வீட்டுக்கு வரும் வழியில் கெடுகிறது. கழுவாத தொட்டி, சாக்கடையில் உடைந்த குழாய், மூடாத குடம், அழுக்குக் கை ஆகிய நான்கும் போதும்.

தெளிவாக இருக்கும் தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. கிருமி கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பாகச் சுட வைத்தால் அது சாகாது. தண்ணீர் தளதளவென்று கொதித்து, ஒரு நிமிஷமாவது அப்படியே கொதிக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். ஆறிய பிறகு மூடி வைக்க வேண்டும். கையை விடாமல், காம்புள்ள கரண்டியால் மொள்ள வேண்டும். பானையை நாள்தோறும் கழுவ வேண்டும். கொதித்த பாத்திரத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இறக்கி வைக்க வேண்டும். வெந்நீர் கொட்டி வெந்து போகும் குழந்தைகள் இன்றும் உண்டு.

உப்பும் உலோகமும் காய்ச்சினால் போகாது. சுவையோ நிறமோ மாறி இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம்.

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. அடுப்பில் கொஞ்சம் தீயும், வீட்டில் இருப்பவர்களிடம் கொஞ்சம் அக்கறையும் இருந்தால் போதும்.

கணவனுக்குத் தெரியாமல் கொழுந்தனுக்குச் சோறு போட்டாரே, அந்த அண்ணியாரிடம் இருந்த அக்கறை அது. அந்தப் பிள்ளை வளர்ந்து வடலூரில் அணையாத அடுப்பை அமைத்தார். ஊரெல்லாம் வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

தைப்பூசத்தன்று லட்சக்கணக்கான மக்கள் வடலூரில் ஜோதி தரிசனம் காண்கிறார்கள். ஊர் திரும்பி, வீட்டு அடுப்பில் குடிதண்ணீரைக் கொதிக்க வைக்கும் தாய், வள்ளலார் சொன்னதில் ஒன்றைத் தவறாமல் செய்தவள் ஆகிறாள்.