லவினோவைப் பாடிய ஒச்சோல்

அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் கவிஞர்களில் மரபுக்கும் நவீன வாழ்வுக்குமான மோதலைப் பாடாதவர் அரிது. பெரும்பாலோர் அதை ஒரு கருத்தாகப் பாடினர். கைவிடப்பட்ட மனைவியொருத்தி உறவினர் கேட்கக் கணவனை ஏசும் பாட்டாக அதை மாற்றியவர் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஓகோட் ப'பிடெக். லவினோ என்ற அந்தப் பெண்ணின் குரலையே ஓகோட்டின் குரலாகக் கொண்டு, அவரைப் பழமையின் காவலர் என்று ஒதுக்கியோரும் உண்டு, போற்றியோரும் உண்டு. அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் அது லவினோவின் வாழ்க்கை அன்று. அவள் ஏசிய கணவன் நடந்த பாதைதான் அவர் நடந்ததும்.

1931இல் உகாண்டாவின் வடபகுதியிலுள்ள குலுவில் ஓகோட் பிறந்தார். தந்தை ஜெபெடாயோ ஓப்பி பள்ளி ஆசிரியர். விவிலியத்துச் செபதேயுவின் பெயரைத் தாங்கியவர். தாய் லச்வா செரினா ஊரறிந்த பாடகி. ஆட்டத்திலும் கதை சொல்வதிலும் வல்லவர். கரும்பலகையும் முரசும் ஒரே வீட்டில் இருந்தன. மகன் இரண்டையும் கற்றார்.

உகாண்டா என்பது ஆங்கிலேயர் வரைந்த எல்லைக்குள் அடைபட்ட பல நாடுகளின் தொகுப்பு. தெற்கே புகாண்டா முதலிய பாண்டு மொழி அரசுகள். வடக்கே லுவோ இனத்து அச்சோலி, லாங்கோ மக்கள். பள்ளிகளும் பணப்பயிர்களும் முதலில் தெற்கில் செழித்தன. வடக்கிலிருந்து படைக்கு ஆளெடுத்தார்கள். வடக்கத்திப் பையனான ஓகோட் குலுவில் படித்தபின், புகாண்டாவின் உயர்குடியினர் பயின்ற புடோ மன்னர் கல்லூரிக்குப் போனார். பிறகு ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியரானார்.

இருபத்திரண்டு வயதில், 1953இல், அச்சோலி மொழியில் 'லாக் தார்' என்ற நாவலை வெளியிட்டார். 'வெண்பற்கள்' என்பது பொருள். மணப்பெண்ணுக்குத் தரவேண்டிய பரிசப்பணம் ஈட்ட ஓர் இளைஞன் ஊரைவிட்டுக் கம்பாலா போகிறான். ஜிஞ்சாவின் கரும்புத் தோட்டத்தில் உழைக்கிறான். ஊர் திரும்பும் வழியில் சேர்த்ததைப் பறிகொடுக்கிறான். பரிசம் பழைய வழக்கம்; அதைக் கேட்பதோ புதிய நாணயத்தில். இரண்டுக்கும் நடுவில் நசுங்குபவன் ஏழை இளைஞன். பின்னால் ஓகோட் விரிவாகப் பாடியதெல்லாம் இச்சிறு நாவலிலேயே முளைவிட்டிருக்கிறது.

அவரைக் கடல் கடக்க வைத்தது கவிதையன்று, கால்பந்து. 1950களின் பிற்பாதியில் உகாண்டா அணியில் ஒருவராக இங்கிலாந்து சென்றவர், ஆட்டம் முடிந்தபின் படிக்கத் தங்கிவிட்டார். பிரிஸ்டலில் கல்வியியல், அபெரிஸ்ட்வித்தில் சட்டம், ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மானிடவியல். ஆக்ஸ்ஃபோர்டின் முதல் விரிவுரையிலேயே தம் மக்களைக் காட்டுமிராண்டிகள் என்னும் பொருள்படும் சொற்களால் குறிப்பதைக் கேட்டு எதிர்ப்புத் தெரிவித்தார். பயனில்லை. அந்த வடு 1970இல் வெளிவந்த 'மேலை ஆய்வில் ஆப்பிரிக்கச் சமயங்கள்' என்ற நூலில் வாதமாக மாறியது.

அந்நூலில் அவர் கூறும் ஒரு நிகழ்ச்சியைக் கவிஞர்கள் அறிவது நல்லது. அது ஒரு மொழிபெயர்ப்புக் கதை. 1911இல் இத்தாலியக் கத்தோலிக்கப் பாதிரிமார் அச்சோலி முதியோரை அழைத்து, உங்களைப் படைத்தவர் யார் என்று கேட்டார்கள். படைத்தல் என்ற சொல்லே அம்மொழியில் இல்லை. எனவே கேள்வி, உங்களை வனைந்தவர் யார் என்று மாறியது. மனிதர் தாய் வயிற்றில் பிறக்கிறார்கள், யாரும் வனைவதில்லை என்பது அவர்கள் அறிந்த உண்மை. பாதிரிமாரோ விடவில்லை. நல்லபடி பிறந்த மனிதனையும் முதுகெலும்பு நோய் பீடித்தால் உடல் வளைந்து கூனாகிவிடுவதை ஒரு முதியவர் நினைத்துக்கொண்டார். அந்நோய்க்குக் காரணமென நம்பப்பட்ட ஆவியின் பெயர் ருபங்கா. மனிதரை வனைவது ருபங்கா என்றார் அவர். அன்றுமுதல் கூன் விழச்செய்யும் ஆவியின் பெயரே அச்சோலிக் கிறித்தவரின் கடவுள் பெயராயிற்று.

சிரிப்பதற்காக மட்டும் ஓகோட் இதைச் சொல்லவில்லை. கேட்பவன் தன் கேள்வியை விடமாட்டான் என்றால், பதில் சொல்பவன் தன் உலகையே வளைத்துத் தரவேண்டியிருக்கிறது என்பதே அவர் காட்டியது. தம் தெய்வங்களுக்குக் கிரேக்க அங்கி போர்த்தி, மேலையோர் மெச்சும்படி நிறுத்திய ஆப்பிரிக்க அறிஞர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இனி 'வேர் பா லவினோ'. லவினோவின் பாட்டு என்று பொருள். அதன் முதல் வடிவத்தை அவர் 1950களிலேயே அச்சோலியில் எழுதிவிட்டார்; அச்சேற்ற ஆளில்லை. பின்னர் அவரே ஆங்கிலத்தில் பெயர்க்க, 1966இல் நைரோபியின் கிழக்கு ஆப்பிரிக்கப் பதிப்பகம் வெளியிட்டது. அச்சோலி மூலம் அச்சானது 1969இல். பிள்ளைக்குப் பின் தாய் பிறந்த கதை! மூலத்தின் சந்தமும் எதுகையும் ஆங்கிலத்தில் அடிபட்டுப் போனதை அவரே ஒப்புக்கொண்டார். தாய்மொழியின் மானத்தைப் பாடிய காவியம், உலகின் காதில் விழுவதற்கு லவினோவுக்குப் புரியாத மொழியில் பேசவேண்டியிருந்தது. தமிழில் எழுதும் நமக்கு இந்த வலி அந்நியமன்று.

லவினோ படிக்காதவள். கணவன் ஒச்சோல் பல்கலைக்கழகம் கண்டவன். அவளை நாட்டுப்புறத்தாள் என்று ஒதுக்கிவிட்டு, உதட்டுச் சாயமும் முகப்பூச்சும் அணிந்த கிளமெண்டைனிடம் போய்விட்டான். லவினோ ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள்: வெள்ளையரின் தழுவல் நடனம், செயற்கைக் கூந்தல், மின்னடுப்பு, சுவர்க் கடிகாரம், பொருள் தெரியாமல் ஒப்பிக்கும் வேதபாடம், வாயில் நுழையாத ஞானஸ்நானப் பெயர்கள். அவள் ஏச்சில் பொறாமையுமுண்டு, நகைச்சுவையுமுண்டு. ஆனால் வெள்ளையர் தம் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று அவள் ஓரிடத்திலும் கேட்கவில்லை. அவர்களுடையது அவர்களுக்கு நல்லது; தன்னுடையதை அருவருப்பு என்று சொல்லாதே என்பதே வழக்கு. புதுமையை எதிர்க்கும் பாட்டென்று இதைப் படிப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். அவள் எதிர்ப்பது இகழ்ச்சியை.

அரசியலைப் பேசும் பகுதி எனக்கு எல்லாவற்றிலும் கூர்மையாகப் படுகிறது. 1962 அக்டோபர் 9 அன்று உகாண்டா விடுதலை பெற்றது. ஒச்சோல் ஜனநாயகக் கட்சிக்காரன். அவன் உடன்பிறந்தவன் காங்கிரஸ் கட்சிக்காரன். இருவர் வாயிலும் ஒற்றுமை முழக்கம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளோ ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. விடுதலை கொண்டுவந்த ஒற்றுமை இதுதானா என்று திகைக்கும் லவினோவுக்கு இதைவிட நல்ல அரசியல் விமர்சனம் எழுதப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

1970இல் 'ஒச்சோலின் பாட்டு' வந்தது. கணவனின் மறுமொழி. லவினோவினுடையதைவிடச் சிறியது, கசப்பு மிகுந்தது. பழைய ஆப்பிரிக்காவைத் தீயிட்டு அழித்துப் புதிய நகரம் கட்ட வேண்டும் என்கிறான் அவன். முடிவில், நவீன ஆப்பிரிக்காவை நிறுவியவர்கள் என்று பெல்ஜியத்தின் லியோபால்டையும் பிஸ்மார்க்கையும் போற்றி நினைவுச்சின்னம் எழுப்பச் சொல்கிறான். இங்கே கவிஞர் கேலி செய்கிறார் என்பது தெளிவு. ஆயினும் அந்தக் கேலியில், தான் கறுப்பனாகப் பிறந்ததற்கு அழும் ஒருவனின் உண்மையான வேதனையும் கேட்கிறது. இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கில் படித்து, புத்தகக் காட்டுக்குள் வாழ்ந்த ஒருவரால்தான் அந்த வேதனையை எழுத முடியும்.

நாடு திரும்பியபின் கம்பாலாவின் தேசிய அரங்கம் ஓகோட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐரோப்பிய நாடகங்கள் நடந்த மேடைக்கு அவர் கிராமத்து ஆட்டக்காரர்களை அழைத்துவந்தார். குலுவில் கலைவிழா எடுத்தார். இது நெடுநாள் நீடிக்கவில்லை. ஆட்சியாளரின் அதிருப்திக்கு ஆளாகி 1968இல் பதவியை இழந்து கென்யாவுக்குப் போனார். கிசுமுவில் கலைவிழா நடத்தினார். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1971இல் இடி அமீன் ஆட்சியைப் பிடித்து, படையிலிருந்த அச்சோலி, லாங்கோ வீரர்களைக் கொன்று குவித்தபின் ஊர் திரும்பும் வழியே அடைபட்டது.

அந்த ஆண்டிலேயே 'இரு பாடல்கள்' என்ற நூல் வந்தது. ஒன்று கைதியின் பாட்டு. மற்றது விலைமகளின் பாட்டு. கைதியின் பாட்டில் லவினோவின் சிரிப்பு அடியோடு இல்லை. விடுதலை பெற்ற நாட்டின் சிறைக்கூடத்தில் அடிபட்டுக் கிடப்பவனுக்கு மரபா நவீனமா என்ற கேள்வியே எழுவதில்லை. அவன் குழந்தைகளின் பசிதான் எழுகிறது.

1974இல் 'என் காதலின் கொம்பு' என்ற பெயரில் அச்சோலி வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி, மூலமும் ஆங்கிலமும் சேர வெளியிட்டார். காதல் ஆட்டப் பாட்டும் ஒப்பாரியும் போர்ப்பாட்டும் அதில் உண்டு. அவர் நூல்களில் குறைவாகப் பேசப்படுவது இது. லவினோவின் ஏச்சு எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புவோர் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். மனிதரை இடித்துரைக்கவும் இறந்தவனுக்காகச் சாவையே வம்புக்கிழுக்கவும் அச்சோலிப் பாடகர்களுக்கு உரிமை இருந்தது. தாயிடமிருந்து ஓகோட் பெற்ற சொத்து அதுவே.

அமீனின் ஆட்சி 1979இல் வீழ்ந்தது. நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியிருந்த ஓகோட், மக்கெரெரேயில் படைப்பிலக்கியம் கற்பிக்கக் கம்பாலா திரும்பினார். 1982 ஜூலையில் அங்கேயே மறைந்தார். வயது ஐம்பத்தொன்று.

அவர் மறைந்து சில ஆண்டுகளில் வடக்கே உள்நாட்டுப் போர் மூண்டது. இருபதாண்டுக்கு நெருங்கிய அந்தப் போரில் அச்சோலி மக்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டையும் வயலையும் விட்டு முகாம்களில் அடைபட்டனர். பழைய வீட்டு முற்றத்தில் படர்ந்த பூசணிக் கொடியைப் பிடுங்கக்கூடாது என்ற அச்சோலி முதுமொழியை லவினோவின் வாதத்துக்கு அச்சாணியாக ஓகோட் வைத்திருந்தார். முகாமில் பிறந்த குழந்தைகளுக்கு அந்த முற்றமே தெரியாமல் போயிற்று.

ஓகோட்டின் ஆங்கிலப் பெயர்ப்பு மூலத்தின் ஆழத்தை இழந்துவிட்டது என்று அவருடைய தோழரும் கவிஞருமான தபான் லோ லியோங் நெடுங்காலம் குறை கூறிவந்தார். குறை கூறியதோடு நில்லாமல், அச்சோலி மூலத்தைக் கையில் எடுத்துத் தாமே முழுவதையும் மறுபடி மொழிபெயர்த்தார். அந்தப் பெயர்ப்பு 2001இல் கம்பாலாவில் வெளிவந்தது.