நெருப்பை நிறுத்துப் பார்த்த லவாய்சியர்

லவாய்சியர் 1743-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிற் பிறந்தார். எரியும் பொருளினின்று பிளாஜிஸ்தன் என்னும் ஒன்று வெளியேறுகின்றதென்பது அக்காலத்து இரசாயன நூலோர் கொள்கை. விறகு பிடி சாம்பலாய்க் குறைவதைக் கண்டவர்க்கு அது மெய்யெனவே தோன்றுமன்றோ? இவரோ கண்ணை நம்பாது தராசை நம்பினார். 1772-இல் கந்தகமும் பாஸ்வரமும் எரிந்தபின் எடை மிகக் கண்டார். மிகுந்த எடை காற்றினின்று வந்தது. அங்ஙனம் வந்து கூடுவது பிராணவாயுவே எனப் பின்னர்த் தெளிந்தார். கரி அதனோடு கூடிக் கரியமிலவாயுவாகும். ஜலவாயு கூடி நீராவியாகும். ஆகவே விறகின் எடை அழிந்ததன்று; கட்புலனாகாது காற்றிற் கலந்தது.

ஆராய்ச்சிக்கு வேண்டிய செல்வம் வரிக்குத்தகையால் வந்தது. அதுவே பிரெஞ்சுப் புரட்சியில் அவருக்குக் கூற்றுமாயிற்று. 1794 மே 8-இல் மாமனாருடன் அவரும் சிரச்சேதம் செய்யப்பட்டார். 1789-இல் அவர் வெளியிட்ட இரசாயன நூலுக்குப் படங்கள் வரைந்த மனைவி மரி அம்மையாரே, அவருடைய இறுதிக் கட்டுரைகளையும் தொகுத்து வெளியிட்டார்.