பி.டி. வாத்தியார்களுக்கே வாத்தியார்

மலருக்காக மறைந்த ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. தலைவர்களைப் பற்றி மற்றவங்க எழுதுவாங்க. நான் ஒரு உடற்பயிற்சி ஆசிரியரைப் பற்றி எழுதுறேன். அவர் பெயர் ஹாரி குரோ பக். அமெரிக்காக்காரர்தான், ஆனா வேலையைத் தொடங்கின இடம் நம்ம யானைக்கவுனியிலிருந்து நடந்து போற தூரம். என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சவுகார்பேட்டை, பூக்கடை எல்லாம் தாண்டி நேரே போனா, ஐகோர்ட்டுக்கு எதிரில் சிவப்புக் கல் கட்டிடம் ஒண்ணு நிக்குது இல்லையா? ஒய்.எம்.சி.ஏ. கட்டிடம். அதுலதான்.

பக் 1884-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் அங்கே வேலை தேடி நகரத்துக்கு வரும் இளைஞர்களுக்குத் தங்க இடமும் நல்ல பழக்கமும் தர ஒய்.எம்.சி.ஏ. என்ற சங்கம் இருந்தது. அது உடற்பயிற்சியையும் ஒரு கல்வி மாதிரி நடத்தியது. நம்ம பிள்ளைங்க ஆடுற பாஸ்கெட்பால் பிறந்ததே அங்கேதான். 1891-ல் குளிர்காலத்தில் வெளியே போய் விளையாட முடியலைன்னு, நைஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழம் வைக்கிற கூடையை உயரத்தில் அடிச்சு அதுக்குள்ள பந்து போட வெச்சாராம். கூடைக்கு அடியில் ஓட்டை கிடையாது, பந்து விழுந்தா ஏறித்தான் எடுக்கணும். வாலிபாலும் 1895-ல் அதே சங்கத்தில் உண்டானதுதான்.

இந்தச் சங்கத்தின் உடற்பயிற்சிப் பணிக்காக பக் 1919-ல் சென்னைக்கு வந்தார். வயசு 35-ஐத் தொடலை.

அப்போ நம்ம பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சின்னா டிரில். வரிசையா நிக்கணும், கையைத் தூக்கணும், இறக்கணும். பட்டாளத்தில் இருந்து வந்தவர்தான் பெரும்பாலும் வாத்தியார். பிள்ளைகளுக்கு அதில் என்ன சந்தோஷம் இருக்கும்? வெளியே தண்டால், பஸ்கி, சிலம்பம், குஸ்தி எல்லாம் நல்லாவே இருந்தது, இல்லைன்னு சொல்லலை. ஆனா அது உடம்பு தெம்பா இருக்கிற ஆண்களுக்கு. நோஞ்சான் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. பெண் பிள்ளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பக் நினைச்சிருந்தா ஒரு தேகப்பயிற்சி சாலை திறந்து நாலு பயில்வானை உருவாக்கிப் பெயர் வாங்கியிருக்கலாம். அவர் செஞ்சது வேற. வாத்தியார்களை உருவாக்கினார். ஒருத்தர் படிச்சிட்டுப் போனா ஒரு பள்ளிக்கூடமே விளையாடும் என்பது கணக்கு. 1920-ல் அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் உடற்கல்விப் பள்ளியை ஆரம்பிச்சார். சேர்ந்த மாணவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 5 பேர். நம்ம குழு ஆரம்பிக்கவே 12 பேர் வேணும்னு வீடு வீடாப் போய் அலைஞ்சோம். அவர் 5 பேரை வெச்சு ஆரம்பிச்சதுதான் இந்தியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியா வளர்ந்தது.

மாணவர்களுக்கு ஓட்டமும் பந்தும் மட்டும் இல்லை. எலும்பு, தசை, மூச்சு எப்படி வேலை செய்யுது, அடிபட்டா முதலுதவி என்ன, இதெல்லாம் பாடம். வெளிநாட்டு விளையாட்டோடு நம்ம நாட்டுப் பயிற்சிகளையும் சேர்த்துக்கிட்டார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து புத்தகமாவும் போட்டார். ஊருக்கு ஒரு விதி வெச்சு ஆடி, கடைசியில் சண்டையில முடியுறது நமக்குத் தெரியாததா?

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி போனபோது அதை அழைச்சிட்டுப் போன மேலாளர் பக்தான். அந்த அணியில் தடை தாண்டி ஓடிய லட்சுமணன், அப்போ சென்னை மாகாணத்தில் இருந்த கண்ணூரைச் சேர்ந்தவர். ஓட்டப் பந்தயங்களில் மெடல் எதுவும் கிடைக்கலை. ஆனா அந்தப் பயணத்துக்கு அப்புறம் 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைஞ்சது.

சிவப்புக் கட்டிடத்தில் மைதானம் ஏது? கல்லூரி இடம் மாறி மாறி, கடைசியில் சைதாப்பேட்டைக்குப் பக்கத்தில் நந்தனத்தில் நிலைச்சது. புத்தகக் காட்சி நடக்குமே, அந்த ஒய்.எம்.சி.ஏ. மைதானம்தான். புத்தகக் கடைக்குப் போனவங்க பலர் அது எதுக்காக உண்டான மைதானம்னு தெரியாமலே திரும்பியிருப்போம்.

கல்லூரி தொடங்கி 20 வருஷம் பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. 1940-ல்தான் சேர்த்தாங்க. இதை நான் மறைச்சு எழுத விரும்பலை. ஆனா அந்தக் காலத்தில் வயசுக்கு வந்த பெண் தெருவில் ஓடினாலே ஊர் என்ன பேசும்னு நினைச்சுப் பாருங்க. அப்படிப்பட்ட நேரத்தில் கதவைத் திறந்ததும் பெரிசுதான். அதுக்கப்புறம்தானே பெண்கள் பள்ளிக்கு பெண் பி.டி. டீச்சர் வர வழி உண்டாச்சு. டீச்சர் இருந்தா மட்டும் போதுமா என்பது வேற விஷயம். கிராமத்தில் நான் பத்தாவது படிச்சப்போ பி.டி. பீரியடை கணக்குக்கு எடுத்துக்குவாங்க. பசங்க மட்டும் கிரவுண்டுக்கு ஓடுவாங்க, நாங்க மரத்தடியில் உட்கார்ந்து நோட்டு திருத்துவோம்.

த்ரோபாலும் இந்த வழியா வந்ததுதான். 1940-களில் ஒய்.எம்.சி.ஏ. மூலமா பெண்கள் விளையாட்டா சென்னைக்கு வந்து இந்தியா முழுக்கப் பரவிச்சு. பந்தைப் பிடிச்சு உடனே வலைக்கு மேலே வீசணும், அவ்வளவுதான். புடவையைத் தூக்கிச் செருகிட்டே ஆடலாம்.

பக்குக்கு அவர் மனைவி மேரி பக் கடைசி வரை துணையா இருந்தார். பக் 1943-ல் காலமானார். வயது 58. பெண்கள் சேர்ந்து அப்போ மூணே வருஷம். 5 பேரோடு ஆரம்பிச்ச இடத்தில் நூறு வருஷம் கழிச்சு இன்னிக்கும் பிள்ளைங்க படிக்கிறாங்க.

நாள் முழுக்க வேலை செய்யறோமே, தனியா உடற்பயிற்சி எதுக்குன்னு நம்ம சகோதரிகள் கேட்பாங்க. குடம் தூக்குறவளுக்கு ஒரு பக்க இடுப்புதான் உழைக்குது, தையல் மிஷினில் உட்கார்றவளுக்கு கழுத்து பிடிச்சுக்குது. நாற்பது வயசில் முட்டி வலின்னு கடன் வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனது நம்ம குழு நோட்டிலேயே எத்தனை பக்கம் இருக்கு! ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் லெமன் ஸ்பூனும் மியூசிக்கல் சேரும் வெச்சு முடிச்சிடறோம். இந்த வருஷம் த்ரோபால் வைக்கணும்னு கூட்டமைப்புத் தலைவி அக்காகிட்ட கேட்டிருக்கேன். பந்துக்கும் வலைக்கும் பணம் வேணும், பெயர் கொடுக்கிறவங்களுக்கு நோட்டு என்கிட்டதான் இருக்கு. இதுவரைக்கும் 9 பேர் எழுதியிருக்காங்க.